முந்நூறு கேஸ்கள் கொண்ட ஒரு ஸ்விட்ச்

2020 ஜனவரி 10 அன்று அயர்லாந்தைச் சேர்ந்த டெர்ரி கேவனா தம்முடைய கணினி விளையாட்டு ஒன்றின் மூலநிரலை, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றினார். விளையாட்டு வெளிவந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆங்கில ‘வி’ எழுத்தை இடைவெளி விடாமல் ஆறு முறை தட்டினால் அதுதான் அதன் பெயர். வாசிக்க வசதியாக இங்கே ‘ஆறு வி’ என்றே வைத்துக்கொள்வோம். விண்கலத் தலைவன் விரிடியனும் அவனுடைய ஐந்து தோழர்களும் ஆளுக்கொரு பக்கம் சிதறிவிடுகிறார்கள். ஆறு பேரின் பெயரும் ‘வி’யில் தொடங்குகிறது. சிதறியவர்களைத் தேடிச் சேர்ப்பதுதான் ஆட்டம். வழக்கமாக இந்த வகை விளையாட்டுகளில் பொத்தானை அழுத்தினால் வீரன் குதிப்பான். இதில் குதிக்க முடியாது. அழுத்தியதும் புவியீர்ப்பு தலைகீழாகி, விரிடியன் கூரையில் போய் ஒட்டிக்கொள்வான். மீண்டும் அழுத்தினால் தரைக்கு வருவான்.

இந்த ஒற்றை விதியிலிருந்து கேவனா எவ்வளவு கறந்திருக்கிறார் என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஓர் இடத்தில் பாதையை மறித்துக்கொண்டு ஒரு சின்னக் கட்டை நிற்கிறது. குதிக்கத் தெரிந்த எந்த வீரனும் ஒரு நொடியில் தாண்டிவிடுவான். விரிடியனால் முடியாது. எனவே முட்கள் நிறைந்த பல திரைகளை மேல்நோக்கிக் கடந்து, உச்சியில் திரும்பி, அதே முட்களின் ஊடே கீழே விழுந்து, கட்டையின் மறுபக்கத்தில் வந்து சேர வேண்டும். ஆட்டத்தில் இதைக் கடந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனாலும் விளையாடியவர்கள் இன்றுவரை பேசுவது இந்த இடத்தைத்தான்.

இவ்வளவு கச்சிதமான விளையாட்டின் உள்ளே இருந்த நிரல் எப்படி இருந்தது? வெளியிட்ட அன்றே கேவனா அதை மறைக்காமல் சொல்லிவிட்டார்: அலங்கோலம். இணையத்தில் அதைத் திறந்து பார்த்த தொழில்முறை நிரலாளர்களும் ஒரே இடத்தைத்தான் சுட்டிச் சுட்டிச் சிரித்தார்கள். அந்த இடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

விளையாட்டில் நடக்கும் நிகழ்வுகளை எல்லாம் நடத்துவது ஓர் எண். அது பூஜ்யமாக இருந்தால் சாதாரண ஆட்டம், சிறப்பாக எதுவும் நடக்கவில்லை என்று பொருள். அந்த எண்ணைப் பார்த்து என்ன செய்வது என்று தீர்மானிப்பது ஒரே ஒரு ஸ்விட்ச்: எண்ணின் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு கிளை, அதாவது ஒரு கேஸ், கொண்ட நிரல்துண்டு. அதற்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட கேஸ்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக, ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நீள்கின்றன. ஆட்டத்தில் ஆங்காங்கே ஒளித்து வைத்த பளபளப்பான பொருள்கள் இருபது உண்டு. அவற்றில் ஒன்றை விரிடியன் தொட்டால் எண் 1000 ஆகிறது. 1000-ஆவது கேஸ் திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகளை இறக்குகிறது, ஆட்டத்தை நிறுத்துகிறது, எண்ணில் ஒன்றைக் கூட்டுகிறது. 1001 வாழ்த்துப் பெட்டியைத் திறந்து, இருபதில் இது எத்தனையாவது என்று எழுத்தில் காட்டிவிட்டு, தானும் ஒன்றைக் கூட்டி நிற்கிறது. விளையாடுபவர் பொத்தானை அழுத்தியதும் எண் 1003 ஆகிறது. அந்தக் கேஸ் பெட்டியை மூடி, இசையை மெல்ல உயர்த்தி, எண்ணைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டுப் போய்விடுகிறது. இப்படியே கதவு திறப்பதும், தோழர்கள் மீட்கப்படுவதும், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுவதும் எண்களாக வரிசையில் நிற்கின்றன. எந்த எண் எதற்கு என்பதை எழுதியவர் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டால்தான் உண்டு.

பாடப்புத்தகப்படி இது பெரிய குற்றம். நடுவில் ஒரு நிலையைச் செருகினால் எது உடையும் என்று சொல்ல முடியாது. பெயர்கள் இல்லாமல் எண்கள் மட்டும் இருப்பதால் இன்னொருவர் படித்துப் புரிந்துகொள்வது கடினம். விளையாட்டின் அறைகளும் இப்படித்தான். ஓர் அறை என்பது குறுக்கே 40, நெடுக்கே 30 கட்டங்கள் கொண்ட ஒரு திரை. ஒவ்வொரு கட்டத்திலும் எந்த ஓடு வரவேண்டும் என்ற எண்களைத் தனிக் கோப்பில் வைத்துப் படிக்காமல், நேராக நிரலுக்குள்ளேயே வரிவரியாக எழுதியிருக்கிறார். அறை ஒன்றில் ஒரு முள்ளை நகர்த்த வேண்டுமானால் நிரலை மறுபடி தொகுக்க வேண்டும்.

ஆனால் இந்த நிரலைப் படிக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. அந்த எண் வரிசை, ஒரு மனிதர் விளையாட்டை எந்த ஒழுங்கில் செய்தார் என்பதன் நாட்குறிப்புப் போலவே இருக்கிறது. முதலில் சில எண்கள் அடுத்தடுத்து வருகின்றன. பிறகு இடைவெளி விட்டு ஆயிரத்தில் புதிதாகத் தொடங்குகிறது. அடுத்தடுத்த பெரிய தேவைகளுக்கு இன்னும் பெரிய எண்களுக்குத் தாவுகிறது. பின்னால் எத்தனை எண்கள் தேவைப்படும் என்று அவருக்கே அப்போது தெரியாது என்பது இதிலிருந்து தெரிகிறது. முழுத் திட்டத்தோடு கட்டியதல்ல, செய்துபார்த்து வளர்த்தது. கட்டையைத் தாண்ட முடியாத அந்த இடத்தைப் போன்ற யோசனைகள் இப்படி வளரும் வேலையில்தான் தோன்றும் என்று எனக்குப் படுகிறது. நிரலை மட்டும் பார்த்துச் சிரித்தவர்களில் பலர், அது முழுமையாக முடிந்து வெளிவந்த விளையாட்டு என்பதையும், லட்சக்கணக்கான வரிகள் கொண்ட சுத்தமான நிரல்கள் பல அப்படி முடிந்ததே இல்லை என்பதையும் மறந்துவிட்டார்கள்.

இன்னொரு உண்மையும் இங்கே உண்டு. கிட்ஹப்பில் இருப்பது இரண்டு நிரல்கள். கேவனா முதலில் எழுதியது ஃபிளாஷில், ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் மொழியில். கைபேசிப் பதிப்பு அதன் வழி வந்தது. 2011-இல் சைமன் ராத் அதை சி++ மொழிக்கு மாற்றினார். பின்னாளில் லினக்ஸ், மேக் கணினிகளுக்கு எண்ணற்ற விளையாட்டுகளைக் கொண்டுசேர்த்தவரான ஈதன் லீ அந்தப் பதிப்பைப் பேணிவந்தார். ஆக, கேலிக்கு உள்ளான அந்த சி++ ஸ்விட்ச், ஒரு மொழியின் பழக்கங்கள் இன்னொரு மொழிக்கு அப்படியே குடிபெயர்ந்ததன் விளைவு. மாற்றியவர் அதைத் திருத்தி அழகுபடுத்தப் போயிருந்தால் புதிய வழுக்கள்தான் முளைத்திருக்கும். அவர் செய்தது சரி.

விளையாட்டு உருவாக்குநர்கள் மூலநிரலை வெளியிடாததற்குக் காசு போய்விடும் என்ற பயம்தான் காரணம் என்று பொதுவாக நினைக்கிறோம். பத்து வயதான, ஏற்கெனவே விற்று முடிந்த ஒரு சிறிய விளையாட்டுக்கு அந்தப் பயம் அவ்வளவாகப் பொருந்தாது. பல நேரம் தடுப்பது வெட்கம். ‘இன்னும் கொஞ்சம் சரி செய்துவிட்டு வெளியிடலாம்’ என்று நினைப்பார்கள். அந்தக் ‘கொஞ்சம்’ ஒருபோதும் வராது. 2018-இல் ‘செலஸ்ட்’ விளையாட்டை உருவாக்கிய மேடி தார்சனும் நோயல் பெரியும் முழு விளையாட்டையும் தரவில்லை. வீரரின் அசைவை நடத்தும் ஒரே ஒரு பகுதியை மட்டும் வெளியிட்டார்கள். ஐயாயிரம் வரிகளுக்கு மேல் ஒரே கோப்பில். இங்கும் உடனே கேலி கிளம்பியது, ஏன் பிரித்து எழுதவில்லை என்று. பெரி தந்த விளக்கம் எனக்கு நியாயமாகவே படுகிறது: அசைவு, சுவரில் தொற்றுதல், காற்றில் பாய்தல் எல்லாம் எந்த வரிசையில் கணக்கிடப்படுகின்றன என்பதுதான் அங்கே உயிர். பல கோப்புகளில் பிரித்துப்போட்டால் அந்த வரிசையைத்தான் முதலில் தொலைப்போம்.

வெட்கத்துக்கு அடுத்த தடை, பிறர் சொத்து. 1997 டிசம்பரில் இட் சாஃப்ட்வேர் ‘டூம்’ விளையாட்டின் நிரலை வெளியிட்டபோது, உலகமே விளையாடிய டாஸ் பதிப்பை அதனால் தர முடியவில்லை. அதில் ஒலிக்குப் பயன்பட்ட நூலகம் வேறொருவருடையது. அதனால் லினக்ஸ் பதிப்பின் நிரல்தான் வெளியே வந்தது. முதலில் வணிகம் செய்யக் கூடாது என்ற உரிமத்தில், 1999-இல் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில். 2011-இல் அதே நிறுவனத்தின் ‘டூம் 3’ நிரலை வெளியிட முனைந்தபோது நிழல் வரையும் முறை ஒன்றுக்கு மற்றொரு நிறுவனத்திடம் காப்புரிமை இருந்தது. நிறுவனத்தின் நிரலாளர் ஜான் கார்மாக் அந்த இடத்தில் சில வரிகளை மாற்றி எழுதிய பிறகே வழக்கறிஞர்கள் விட்டார்கள். பெரிய நிறுவனத்துக்கு இதைப் பார்த்துச் சொல்ல வழக்கறிஞர்களாவது இருக்கிறார்கள். தனியாளாக விளையாட்டு செய்பவர் பத்தாண்டுக்கு முன் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய ஒரு நூலகத்தின் உரிமம் என்ன என்பதை இப்போது யாரைக் கேட்பார்?

மூன்றாவது தடை எளிமையானது: நிரலே கைவசம் இருக்காது. ஜோர்டன் மெக்னர் 1989-இல் ஆப்பிள் 2 கணினிக்கு எழுதிய ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வின் நிரல் தொலைந்துவிட்டதாகவே அவர் பல காலம் நம்பியிருந்தார். 2012-இல் அவருடைய தந்தை அனுப்பிய ஒரு பெட்டிக்குள் பழைய பிளாப்பிகள் கிடைத்தன. இருபது ஆண்டுகளைத் தாண்டிய காந்தத் தகடுகள். ஒரு முறை படிக்கும்போதே அழிந்துவிடக்கூடியவை. கணினி வரலாற்று ஆவணக்காரர் ஜேசன் ஸ்காட்டும் ஆப்பிள் 2 கருவிகளில் தேர்ந்த டோனி டயஸும் வந்து அவற்றிலிருந்து பத்திரமாக எடுத்துக்கொடுத்த பிறகு, அதே ஆண்டு ஏப்ரலில் மெக்னர் அதை எல்லோருக்கும் திறந்துவிட்டார். இது அதிர்ஷ்டம். எல்லாருடைய தந்தையும் பெட்டியைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதில்லை. அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் 2010-க்கு முன் வந்த பழைய விளையாட்டுகளில் 13 சதவீதம் மட்டுமே அப்போது கடையில் வாங்கக் கிடைத்தன. கேவனாவின் முதல் பதிப்பு பிறந்த ஃபிளாஷையே அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் கடைசியோடு கைவிட்டது. அவர் நிரலை வெளியிட்டு ஓராண்டுகூட ஆகவில்லை.

வெளியிட்டார் என்று சொல்லும்போது எதை வெளியிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். ‘ஆறு வி’யின் உரிமம் அவரே வகுத்தது. படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குத் தரலாம். ஆனால் காசு பார்ப்பதை முதன்மை நோக்கமாகக் கொண்டு எதையும் செய்யக் கூடாது. படங்களும் மேக்னஸ் போல்சனின் இசையும் இதில் சேராது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தில் ஊறியவர்கள் இதைக் கட்டற்ற உரிமம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் வரையறைப்படி வணிகத்தைத் தடுப்பதும் ஒரு கட்டுதான். அவர்கள் சொல்வது தவறல்ல. ஆனால் கேவனாவுக்கு முன் என்ன நடந்திருக்கிறது என்று பார்த்தால் இந்தத் தயக்கம் புரியும்.

2010 மே மாதம், சிறு விளையாட்டுகள் சிலவற்றை ஒரே கட்டாக விற்ற முதல் ஹம்பிள் இன்டி பண்டில். விலையை வாங்குபவரே தீர்மானிக்கலாம் என்ற அந்த விற்பனை பத்து லட்சம் டாலரைத் தாண்டியதும், ‘லுகாரு’, ‘கிஷ்’, ‘அக்வாரியா’, ‘பெனும்ப்ரா: ஓவர்ச்சர்’ ஆகிய நான்கு விளையாட்டுகளின் உருவாக்குநர்கள் தங்கள் நிரலைத் திறந்துவிட்டார்கள். லுகாருவின் நிரல் ஜிபிஎல் உரிமத்தில் வந்தது. படங்களையும் ஒலிகளையும் விற்க மட்டும் அனுமதி தரவில்லை. சில மாதங்கள் கழித்து மேக் கணினிக்கான ஆப் ஸ்டோரில் ‘லுகாரு’ என்ற பெயரிலேயே வேறொரு நிறுவனம் அதை விற்கத் தொடங்கியது. அசல் விலை 9.99 டாலர். நகலின் விலை 1.99. திறந்த நிரல்தானே, விற்க எங்களுக்கு உரிமை உண்டு என்பது நகலெடுத்தவர்களின் வாதம். நிரலுக்கு அது உண்மை. படங்களுக்கு இல்லை. கடையிலிருந்து நகல் நீக்கப்பட்டது, ஆனால் அதற்கு வாரக்கணக்கில் ஆனது. உரிமத்தில் நிரலையும் கலையையும் பிரித்து எழுதினால் போதும் என்று நினைத்தவர்களுக்கு, வாங்குபவர் அந்தப் பிரிவைப் பார்ப்பதே இல்லை என்பது தெரிந்தது. அவர் பார்ப்பது பெயரையும் விலையையும்.

இதன் மறுமுனையில் ஜேசன் ரோரர். ‘பேசேஜ்’ என்ற ஐந்து நிமிட விளையாட்டால் 2007-இல் பெயர் பெற்றவர். தம் படைப்புகளை முழுக்கப் பொதுவுடைமையாகவே விட்டுவிடுவார், படங்கள் உட்பட. 2018-இல் அவர் வெளியிட்ட ‘ஒன் ஹவர் ஒன் லைஃப்’ விளையாட்டை எடுத்து வேறொருவர் கைபேசிக்கு மாற்றினார், விற்றார். சட்டப்படி எந்தத் தவறும் இல்லை. ரோரருக்கு வலித்தது காசு அல்ல; விளையாடியவர்கள் அந்தக் கைபேசிப் பதிப்பை அவரே செய்தது என்று நினைத்துக்கொண்டதுதான். பொதுவுடைமை என்ற முடிவிலிருந்து அவர் பின்வாங்கவில்லை. அந்தத் துணிவு எல்லோருக்கும் வராது. வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியல்ல. தனியொருவர் செய்த விளையாட்டு என்பது அவர் பெயரும்தான். அதைக் கடைசிவரை தம் கையில் வைத்துக்கொள்ள கேவனா உரிமத்தில் ஒரு வரி சேர்த்தது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. அதனால் யாரும் வராமல் போய்விடவும் இல்லை.

வந்தவர்கள் யார் என்பதுதான் இந்தக் கதையின் சுவையான பகுதி. 2011-இல் விளையாட்டோடு சேர்ந்து வந்த எடிட்டரில் தாங்களே களங்கள் அமைத்துப் பழகிய ரசிகர்கள் கணிசமாக இருந்தார்கள். அந்த எடிட்டரின் ஒவ்வொரு கோணலையும், எந்தக் கட்டளை எங்கே தடுக்கும் என்பதையும் நிரலைப் பார்க்காமலே கரைத்துக் குடித்தவர்கள். நிரல் வெளியானதும் அவர்களில் சிலர் உள்ளே நுழைந்து வேலையைத் தொடங்கிவிட்டார்கள். ஈதன் லீ வந்ததைப் பரிசீலித்துச் சேர்த்தார். 2021-இல் 2.3 பதிப்பு வந்தது. அதில் ஒரு திருத்தம் நிரலின் அடியாழம் வரை போகிறது. விளையாட்டின் கடிகாரம் 34 மில்லி நொடிக்கு ஒரு முறை அடிக்கும். அதாவது நொடிக்குச் சுமார் 29 பிரேம்கள். விரிடியன் விழும் வேகம், முட்கள் நகரும் வேகம் எல்லாம் இந்தத் துடிப்பை நம்பியே எழுதப்பட்டவை. துடிப்பை வேகமாக்கினால் ஆட்டமே வேறாகிவிடும். புதியவர்கள் துடிப்பைத் தொடவில்லை. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே படத்தை மட்டும் கணித்து வரைந்தார்கள். ஆட்டம் பழைய வேகத்திலேயே இருக்க, இன்றைய திரைகளில் அசைவு வழுக்கிக்கொண்டு போகிறது.

2024 ஜனவரியில் 2.4. இதில் விளையாட்டு வேற்று மொழிகளுக்குப் போனது. மேலே பார்த்த 1001-ஆவது கேஸை நினைவில் வைத்திருந்தால் இது எவ்வளவு பெரிய வேலை என்று விளங்கும். வாழ்த்து வாசகம் ஸ்விட்சுக்குள்ளேயே ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. பெட்டியின் இடமும் அகலமும் அந்த ஆங்கில வாசகத்தை வைத்தே தீர்மானிக்கப்பட்டிருந்தன. ‘இருபதில் ஏழு’ என்பதற்கு எண்ணின் பெயரை முன்னால் ஒட்டி, பின்னால் ஒரு நிலையான வாலைச் சேர்ப்பது ஆங்கிலத்துக்குச் சரி. எண்ணின் வடிவம் பெயர்ச்சொல்லைப் பொறுத்து மாறும் மொழிகளில் உடனே உளறலாகிவிடும். நூற்றுக்கணக்கான இடங்களிலிருந்து வாசகங்களைப் பிடுங்கி எடுத்து, தனிக் கோப்புகளில் வைத்து, பெட்டிகள் தாமாக அளவு மாறும்படி செய்து, எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டத்தில் அடங்காத எழுத்துகளுக்குப் பெரிய எழுத்துருக்களுக்கு இடம் ஒதுக்கி, இத்தனையையும் செய்தார்கள். அறைகளின் பெயர்கள் வேறு தலைவலி. அவற்றுள் பெரும்பாலானவை விளையாட்டு வடிவமைப்பாளர் பென்னட் ஃபாடி வைத்த சிலேடைகள். மொழிபெயர்ப்பாளர்கள் அறையில் என்ன இருக்கிறது என்று பார்த்து, தங்கள் மொழியில் புதிய சிலேடை கட்ட வேண்டியிருந்தது. வந்த மொழிகளில் பிரெஞ்சும் ஜப்பானியமும் இருப்பதில் வியப்பில்லை. வேல்ஷ், ஐரிஷ், சைலீசியன், எஸ்பராண்டோ ஆகியவையும் உண்டு. எந்த வணிக நிறுவனமும் கணக்குப் போட்டுப் பார்த்து இந்த நான்கையும் சேர்த்திருக்காது. கேவனாவின் சொந்த நாட்டு மொழி அவருடைய விளையாட்டுக்கு வந்தது நிரலைத் திறந்ததால்தான். சந்தையில் எடையில்லாத மொழிகளைப் பேசுபவர்கள் மூலநிரல் வெளியீட்டை ஆதரிக்க இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே விரும்பினார்கள் என்றும் சொல்ல முடியாது. விளையாட்டை எவ்வளவு விரைவாக முடிக்கலாம் என்று போட்டி போடும் ஸ்பீட்ரன்னர்கள் ஒரு தனிக் கூட்டம். அவர்களுக்கு வழுக்கள்தான் குறுக்கு வழி. அந்த ஸ்விட்சின் எண், பொத்தானை அழுத்தினால் ஒன்று கூடும் என்று பார்த்தோம். எழுதியவர் நினைக்காத நேரத்தில் அதை அழுத்தவைத்தால் எண் நினைக்காத கேஸுக்குப் போகும், விரிடியனும் நினைக்காத இடத்துக்குப் போவான். ஆண்டுக்கணக்கில் இதையெல்லாம் துருவிக் கண்டுபிடித்து, விரல்நுனியில் பழகி வைத்திருந்தார்கள். பராமரிப்பாளர்கள் நல்லெண்ணத்தோடு வழுக்களை ஒவ்வொன்றாக அடைக்க ஆரம்பித்ததும் அந்தப் பயிற்சி வீணாகும் நிலை வந்தது. பழைய பதிப்பையே வைத்து விளையாடிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லவில்லை. விருப்பத் தேர்வுகளில் கிளிச்ரன்னர் என்று ஒரு வகை சேர்க்கப்பட்டது. அதைத் தேர்ந்தெடுத்தால், அடைத்த ஓட்டைகளில் அவர்களுக்கு வேண்டியவை மறுபடி திறந்துகொள்ளும். பின்னர் எந்தப் பழைய பதிப்பின் வழுக்கள் வேண்டும் என்பதையும் அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளும்படி அதை விரித்தார்கள். இதற்காகப் பராமரிப்பாளர்கள் செய்ய வேண்டியிருந்த வேலை சிறியதல்ல: அடைத்த வழுவை அப்படியே விட்டுவிட முடியாது, அது முன்பு எப்படி உடைந்திருந்ததோ அதே விதத்தில் உடைந்திருப்பதைச் சோதித்துப் பார்த்து, ஒவ்வொரு புதிய பதிப்பிலும் கட்டிக் காக்க வேண்டும்.